வாய்தா கேட்கும் கால்கள்

வந்துவிட்டது. எப்போதும் இடது காலில்தான் முதலில் வரும். கெண்டைக்காலுக்குள்ளே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் ஓர் அறை இருக்குமானால் அந்த அறையில், இவ்வளவு நேரம் படுத்திருந்த யாரோ ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து உட்காருவதுபோல. அமிர்தகடேசன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எதிர்ச்சுவரில் கடிகாரம் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்தால் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளும். காலுக்குக் காது உண்டு என்பது டயாலிசிஸுக்கு வரத் தொடங்கியபின் அவர் கண்டுபிடித்த விஷயங்களில் ஒன்று. பெயரைச் சொன்னால் வந்துவிடும், நினைத்தால் வந்துவிடும், நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் வந்துவிடும். ஆகவே வேறு எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். பக்கத்தில் இயந்திரம், தூரத்து மாவு மில் மாதிரி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் குளிக்கப் போகிறது, இன்னொன்றின் வழியாகக் குளித்துவிட்டு வருகிறது. திரும்பி வருகிற குழாய் முன்கைமேல் வெதுவெதுப்பாகப் படுத்திருந்தது, வளர்ப்புப் பிராணி மாதிரி. நல்ல நினைப்பு, இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிராணி என்றதும் அசைவு, அசைவு என்றதும் கால். மாயவரத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கடைசியில் மணிக்கூண்டுக்கு வந்து நிற்பதுபோல நினைப்பு நேராக அங்கேயே கொண்டுவந்து விட்டது. இன்றைக்கு எழுந்திருக்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் எப்படியோ போகட்டும், இன்றைக்கு மட்டும் கூடாது. டாக்டர் பரணிதரன் கோபக்காரர் அல்ல. கோபக்காரராக இருந்திருந்தால் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு மறந்துவிடலாம். போன வாரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "சார், நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் பாதியில எழுந்து போறீங்க. நாளைக்கு கிட்னி வெச்சப்புறம் மாத்திரையையும் இப்படித்தான் பாதியில விடுவீங்க. உங்க வீட்டம்மா அறுத்துக் குடுத்தது வீணாப் போகும். செவ்வாய்க்கிழமை முழுசா இருந்து காட்டுங்க, கிட்னி மாத்தற கமிட்டிக்கு எழுதறேன். இல்லைன்னா என் கையெழுத்தை எதிர்பார்க்காதீங்க." நியாயமான தீர்ப்பு. அப்பீலுக்கு வழியில்லாத தீர்ப்பு. இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டம்மா, அதாவது தையல்நாயகி, வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ரத்தம், திசு எல்லாம் அவரோடு பொருந்திவிட்டது; இடது பக்கத்துக் கிட்னியை எடுப்பதாகப் பேச்சு. கல்யாணத்தின்போது ஜோசியர் பத்துக்கு ஐந்துதான் பொருத்தம் என்று உதட்டைப் பிதுக்கினாராம். இத்தனை வருஷம் கழித்து ஆய்வகத்துக்காரன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்திருக்கிறான். காலை ஆட்டாமல் இருந்தால் போதும். ஒரு மனிதனிடம் இதைவிடச் சுலபமாக எதைக் கேட்க முடியும்?

கெண்டைக்கால் அறைக்குள் இருந்தவன் இப்போது எழுந்து நின்றான். போர்வைக்குள் இடது பெருவிரலைக் கட்டிலின் கம்பியில் வைத்து அழுத்தினார். வெளியே தெரியாது. என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லவேண்டுமே, அங்கேதான் வழக்கு விழுந்துபோகிறது. தமிழில் காலுக்கு வரும் துன்பங்களுக்குச் சொல் பஞ்சமில்லை. உளைச்சல் உண்டு, அது நடந்து களைத்த காலுக்கு வருவது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. குடைச்சல் உண்டு; எலும்பில் ஒருவன் துளைபோடுவது, ஆனால் இவன் கையில் கருவி ஏதும் கிடையாது. மரத்துப்போவது என்றால் கால் இல்லாததுபோல ஆவது. இதுவோ கால் அளவுக்கு மீறி இருப்பது. அரிப்பு தோலோடு நின்றுவிடும். ஊர்கிறது என்றால் எறும்பா என்பார்கள். எறும்பு ஒரு திசையைப் பார்த்துப் போகும், இதற்குத் திசை கிடையாது. இது ஓர் உத்தரவு. ஆட்டு என்கிறது, அவ்வளவுதான். ஆட்டினால் போய்விடுகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது, செருப்பைக் கூடக் கழற்றாமல். ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். டாக்டர் பரணிதரன் லீவில் போயிருந்தபோது வந்த இளம் டாக்டரம்மா, மகள் வயசு இருக்கும். "வலிக்குதா சார்?" "வலின்னு சொல்ல முடியாது." "எரியுதா?" "இல்லை." "மரத்துப் போகுதா?" "இல்லை." "பிடிச்சு இழுக்குதா?" "இல்லை." "பின்ன என்னதான் சார் பண்ணுது?" "சும்மா இருக்க விடமாட்டேங்குது." அந்தப் பெண் அவரை மிகுந்த கருணையோடு பார்த்துவிட்டுத் தையல்நாயகி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "சார் வீட்டுல ரொம்ப யோசிக்கறாரா?" பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தாள். அத்தோடு சரி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து தலைநரைத்த மனிதருக்குத் தெரியாதா, இல்லை இல்லை இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற சாட்சியை எவரும் நம்பியதில்லை. அதன்பின் அவர் காலைப் பற்றி வாய்திறக்கவில்லை.

கால் வாயை மூடினால்தானே. ஆகவே அவர் வாய்தா கேட்கத் தொடங்கினார். வக்கீல்கள் கேட்கும் அழகைத் தினம் தினம் பார்த்தவர்தான்: மாமனார் மோசமாக இருக்கிறார், கட்சிக்காரர் ஊரில் இல்லை, கண்ணில் உறுத்தல். அவர்களைவிடச் சற்று நயமாகவே கேட்டார் என்று நினைக்கிறார். மச்சினர் வீட்டு நிச்சயதார்த்தம் என்றார். பஸ் போய்விடும் என்றார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார். ஒரு நாள் வேறெதுவும் தோன்றாமல், அவசரத்தில், "சிஸ்டர், ஒண்ணுக்கு வருது" என்று சொல்லிவிட்டார். நர்ஸ் ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கு ஒண்ணுக்கு நின்னு எத்தனை காலம் ஆச்சு? நெஜமாவே வந்துச்சுன்னா சொல்லுங்க, வார்டுக்கே ஸ்வீட் வாங்கித் தரேன்." அடுத்த கட்டில் நெய்னா முகமது, கல்யாண வீடுகளில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிய கனத்த மனிதர், கண்ணைத் திறக்காமலேயே, "மழை வருதுங்கறாரு, பாத்திரம் கொண்டாந்து வைம்மா" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கிற சாக்கில் இரண்டு காலையும் நன்றாக உதறிக்கொண்டது நினைவிருக்கிறது, என்ன சுகம். நெய்னா முகமது இப்போதும் தூங்குகிறார். கால்களை யாரோ கொடுத்துவைத்த சாமான் மாதிரி கட்டில் கோடியில் போட்டுவிட்டுத் தூங்குகிறார். பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்க, ஒரு மனிதனின் அசையாத பாதங்களைப் பார்த்து வயிறெரியும்படி ஆகிவிட்டது. இன்று காலை பஸ்ஸில் தையல்நாயகி கேட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள், அதுதான் அவள் வழக்கம், முக்கியமான எதையும் முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டாள். "என்னங்க, ஒண்ணு கேக்கவா? என் கிட்னி உங்களுக்கு வேணாம்னா நேரா சொல்லிடுங்க. பாதியில எழுந்து எழுந்து வந்து, டாக்டர் வாயால வேணாம்னு சொல்ல வெக்காதீங்க." "யார் வேணாம்னது?" "வேணும்னும் நீங்க சொல்லலையே. ராத்திரி ராத்திரியா ஹால்ல நடந்து யோசிக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?" அப்போது சொல்லியிருக்கலாம். நடத்துநர் சில்லறைக்காக நின்றிருந்தார், முன் ஸீட்டில் ஒரு குழந்தை திரும்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. யோசிக்கிற மனிதன் என்பதில் ஒரு மரியாதை இருந்தது. மனைவியின் உறுப்பை வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று இருட்டில் உலாவுகிற கணவன், பெருமைப்படக்கூடிய ஆள். காலாட்டுகிற கிழவனிடம் என்ன இருக்கிறது? சின்ன வயசில் உட்கார்ந்த இடத்தில் கால் கொஞ்சம் ஆடினாலும் முழங்காலில் ஓர் அடி விழும். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது, இருக்கிற லட்சுமியும் எழுந்து போய்விடுவாள். அடி மறந்துவிட்டது, லட்சுமி எழுந்து போகிற காட்சி மட்டும் மறக்கவில்லை, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சுளித்து.

இப்போது வலது காலுக்கும் செய்தி போய்விட்டது. அண்ணன் தம்பி மாதிரி, ஒருவன் சொத்து கேட்டால் மற்றவனும் கேட்பான். அமிர்தகடேசன் கண்ணை இன்னும் இறுக்கினார். உட்காருவதில் தேர்ந்தவர் அவர். நீதிபதியின் மேடைக்குக் கீழே அவருடைய மேசை. அந்த மேசைக்கு முன்பலகை கிடையாது. எந்தத் தச்சன் சேமித்த மரமோ தெரியாது, அதனால் அவர் கால்கள் இரண்டும் பணிக்காலம் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாளும் ஆடியதில்லை. புதிதாக வந்த நீதிபதி ஒருவர், "அமிர்தகடேசன், நீங்க மூச்சு விடறதை எப்பவாவது பாத்துடலாம்னு நானும் பாக்கறேன்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அவர் பாதத்தைப் பார்ப்பார். முகம் வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி இருக்கும், பாதம் தன்பாட்டுக்கு இருக்கும். குதிகால் தூக்கினால் பொய், விரல் சுருங்கினால் பயம், ஒரு கால்மேல் இன்னொரு கால் ஏறினால் பணம் வாங்கியாயிற்று. இந்தச் சாத்திரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. இப்போது அவர் பாதத்தை அவரே பார்த்தால் என்ன தீர்ப்புச் சொல்லுவார்? பிறழ் சாட்சி. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனபோதுகூட நன்றாக இருந்ததே, இந்தக் கால்கள். புகை மண்டும் ஓமத்துக்கு எதிரில் மணையில் சம்மணமிட்டு அரை நாள் உட்கார்ந்தார். குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், தையல்நாயகி பக்கத்தில் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்பங்க முடியும்?" என்று கேட்டாள், அவர் அசையவில்லை. அந்தத் தண்ணீரை நினைத்ததும் நாக்கு வறண்டது. இப்போது ஒரு டம்ளரைக்கூட வாய்க்கு வாய் எண்ணிக் குடிக்கவேண்டியிருக்கிறது, அன்றைக்குக் குடம் குடமாகத் தலையில். அந்த ஊர்ச் சாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். பாசக்கயிற்றோடு வந்த எமனைக் காலால் எட்டி உதைத்த சாமி. இடது காலால். தெய்வம் காலைத் தூக்கினால் புராணம், பெஞ்ச் கிளார்க் தூக்கினால் நரம்புத் தளர்ச்சி. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பின் நடுவிலேயே பயம் வந்தது. இந்தக் கால்கள் எங்கே போகப் பார்க்கின்றன? வீடு இடிவதற்கு முன்னால் எலிகள் கிளம்பிவிடும் என்பார்களே. உடம்பில் மற்றெல்லாம் ஒத்துக்கொண்டு படுத்திருக்கும்போது இவை மட்டும் எதைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் இழுக்கின்றன? கயிறு வீசப்படுகிற சத்தம் காலுக்குக் கேட்டுவிட்டதா? காலுக்குக் காது உண்டு.

வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடித்தது. எங்கோ ஓர் இயந்திரம் கூவி அடங்கியது, அவருடையது அல்ல. இன்றைக்கு எல்லா ஏற்பாடும் செய்துகொண்டுதான் வந்தார். உடம்பு அரிப்புக்கு அவராகவே மருந்துக் கடையில் வாங்கி வைத்திருக்கும் மஞ்சள் மாத்திரை, போட்டால் கண் சொக்கும். தூங்கிவிட்டால் கால் என்ன செய்ய முடியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பும்போது ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். மாங்காய் ஒன்றுகூட விழவில்லை. தூக்கம் கண்ணுக்கு வந்தது, காலுக்கு வரவில்லை. அது மட்டுமல்ல, இன்றைக்கு என்றுமில்லாத ஆட்டம். தலை பஞ்சு மாதிரி மிதக்கிறது, கால்கள் திருவிழாவுக்குப் புறப்பட்டு நிற்கின்றன. தொடையைக் கிள்ளிப் பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். மனசுக்குள் வழக்குகளைக் கூப்பிட்டுப் பார்த்தார், வாதி வந்தாச்சா, பிரதிவாதி வந்தாச்சா. வாதியும் பிரதிவாதியும் அவருடைய இரண்டு கால்களாகவே வந்து நின்றார்கள். தசைப்பிடிப்பு என்று கத்தலாமா? தசைப்பிடிப்பு கௌரவமான நோய், உடனே ஓடிவருவார்கள், உப்புத்தண்ணீர் ஏற்றுவார்கள். ஆனால் ஜெசிந்தா வந்து தொட்டுப் பார்ப்பாள், சதை பூ மாதிரி இருக்கும், குட்டு வெளிப்படும். வராந்தாவில் தையல்நாயகி உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, இன்றைக்கும் அந்தக் கதவு சீக்கிரம் திறந்துவிடுமா என்று. திறந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அவளுடைய உடம்பிலிருந்து அறுத்துக் கொடுக்க அவள் தயார், வாங்கிக்கொள்ள இவருக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. கொஞ்சம் ஆட்டினால் என்ன? போர்வைக்குள்ளே, ஒரே ஒரு தடவை. ஆட்டினார். ஆஹா. தேன் போல அமைதி, மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு. பிறகு அறைக்குள் இருந்தவன் தனியாக வரவில்லை, ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். முழங்கால், தொடை, இடுப்பு. கத்தவேண்டும் போலிருந்தது. ஊசிகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு எழுந்து இந்தக் கட்டடத்தைச் சுற்றி, ரயிலடிவரை, காவிரிக்கரைவரை நடக்கவேண்டும், நடந்தால் போதும், கிட்னி வேண்டாம், கையெழுத்து வேண்டாம், உயிர்கூட இப்போதைக்கு வேண்டாம், நடந்தால் போதும். "சிஸ்டர்" என்று ஒரு குரல் கேட்டது. அவர் குரல்தான்.

ஜெசிந்தா வந்தாள். "என்னய்யா?" "எடுத்துடும்மா." "இன்னைக்குமா?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க ஐயா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க." "முடியாது. எடு." "டாக்டரைக் கேக்காம நான் எடுக்க முடியாது. கீழதான் இருக்கார், சொல்லி அனுப்பறேன். அம்மாவையும் உள்ள வரச் சொல்றேன், அவங்ககிட்ட நீங்களே சொல்லிக்குங்க." வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். தையல்நாயகி உள்ளே வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மருத்துவமனைத் தொப்பியைத் தலையில் கோணலாகப் போட்டுக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். "சரிங்க" என்றாள். "வேணாம்னா வேணாம். இனிமே நான் கேக்கலை." சொல்லிவிட்டு, வேறென்ன செய்வது என்று தெரியாமல், விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடக் குனிந்தாள். அந்தச் சமயம் பார்த்து இடது கால் விடுபட்டது. அவர் விடவில்லை, அதுவாக எகிறி அவள் முன்கையில் போய் அறைந்தது. வளையல் ஒன்று உடைந்து தரையில் தெறித்தது. நெய்னா முகமதுகூட விழித்துவிட்டார். அமிர்தகடேசனுக்கு உடம்பு கூசியது. ஒரு மனுஷர்மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன்மேல் பட்டாலும் செய்கிற காரியம், கை தானாகப் போகும். கை போனது. இடது கை ஊசிகளோடு கட்டிலில் கிடந்தது. வலது கை எவ்வளவு நீட்டியும் அவளுக்கு எட்டவில்லை. "சிவ சிவா, நாயகி, தெரியாம" என்றார். அவள் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துடிக்கிற மீனைப் பிடிப்பதுபோல. "என்னங்க இது, இப்படி அடிச்சுக்குது?" அவள் கைக்குள் பாதம் அழுந்தியது, அழுந்திய இடத்திலிருந்து மேலே ஒரு நிம்மதி ஏறியது. "விடாதே" என்றார். "இன்னும் அமுக்கு. நல்லா." "வலிக்குதா?" "வலியே இல்லை. வலின்னா சொல்லியிருக்கமாட்டேனா? சும்மா கிடந்தா வருது, ஆட்டினா போகுது, நிறுத்தினா மறுபடி வருது. எழுந்து நடக்கணும், இல்ல எதையாவது உதைக்கணும். பைத்தியம் மாதிரி. அதுக்குத்தான் பாதியில எழுந்திருக்கேன். ஹால்ல நடக்கறதும் அதுக்குத்தான், யோசிக்கறதுக்கு இல்லை. உன் கிட்னியைப் பத்தி நான் ஒரு நாள்கூட யோசிக்கலை." சொன்னபிறகுதான் அது என்ன தொனியில் விழுந்தது என்று உறைத்தது. அவள் நிமிர்ந்தாள். தொப்பி இன்னும் கோணியது. "ஒரு நாள்கூட யோசிக்கலையா?" "வேணும்னு மொத நாளே தெரியும். அதுல யோசிக்க என்ன இருக்கு?" தையல்நாயகி அவரைப் பார்த்தாள். ஜன்னலை அல்ல, அவர் முகத்தை. "அட மனுஷா" என்றாள். "இதை வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

அவள் கை சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. சின்னக் கை. வலது காலைப் பிடித்தால் இடது கால் துள்ளியது, இடதைப் பிடித்தால் வலது. அவள் சற்றுநேரம் அந்த இரண்டு கால்களோடும் மல்லுக்கட்டினாள். பிறகு சட்டென்று திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக் கட்டில் கோடியில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து அவருடைய உள்ளங்கால்கள் இரண்டையும் தன் முதுகால் அழுத்திக்கொண்டாள். "மிதிங்க." "என்ன பேச்சு இது? எல்லாரும் பாக்கறாங்க." "பாக்கட்டும். மிதிங்கன்னா." ஜெசிந்தா ஓடிவந்து, "அம்மா, கட்டில்ல உக்காரக் கூடாது" என்றாள். "நான் எங்க உக்காந்தேன்? சாஞ்சிருக்கேன்." நெய்னா முகமது பக்கத்துக் கட்டிலிலிருந்து, "உக்காரட்டும் விடும்மா, எங்க வீட்டுக்காரி மிதிக்கறதுக்குத்தான் வருவா, மிதிபட வரமாட்டா" என்றார். அமிர்தகடேசன் மெல்ல மிதித்தார். முதலில் கூச்சத்தோடு, பிறகு கூச்சம் தாங்காத அளவுக்குச் சுகமாக இருந்ததால் கூச்சமில்லாமல். புடவைக்கும் ரவிக்கைக்கும் கீழே அந்த முதுகு உறுதியாக எதிர்த்துத் தள்ளியது. காலுக்குள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் பரணிதரன் வந்தார். நோயாளி தன் மனைவியை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருக்க, மனைவி சுவரைப் பார்த்து நிதானமாக உட்கார்ந்திருக்க, வார்டே வேடிக்கை பார்க்க. "என்ன சார் நடக்குது இங்க?" தையல்நாயகி திரும்பவில்லை, திரும்பினால் பிடி விட்டுவிடும். "இவருக்குக் கால் சும்மா இருக்க மாட்டேங்குது டாக்டர். அதான் எழுந்து எழுந்து ஓடியிருக்கார்." டாக்டர் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு கேட்டார். "சும்மா இருக்கும்போதுதான் வருதா?" "ஆமா." "அசைச்சா போயிடுதா?" "ஆமா." "பொழுது சாயச் சாய அதிகமாகுதா?" "ஆமா." ஒரு சாட்சியை எப்படி விசாரிக்கவேண்டும் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. "அரிப்புக்கு எதாவது மாத்திரை போடறீங்களா, கடையில வாங்கி?" அமிர்தகடேசன் மஞ்சள் மாத்திரையைச் சொன்னார், இன்றைக்கு இரண்டு என்பதையும் சொன்னார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதை முதல்ல நிறுத்துங்க. அதுதான் இதைக் கிளப்பி விடும். டயாலிசிஸ்ல இருக்கற நிறைய பேருக்கு வர்ற தொந்தரவுதான் சார் இது, மருந்து இருக்கு. கிட்னி மாத்தினா பல பேருக்குத் தானாப் போயிடும். இதைச் சொல்றதுக்கு என்ன?" "சொன்னேன். வலிக்குதான்னு கேட்டாங்க." கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று ஒரு சொலவடை உண்டு; கால் அடங்கினால் கிட்னி, கிட்னி வந்தால் கால் அடங்கும். எழுந்து போய் ஜெயிக்கிற வழக்கு அல்ல இது. "அப்ப கையெழுத்து?" என்றாள் தையல்நாயகி சுவரைப் பார்த்து. டாக்டர் இயந்திரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "முதல்ல இன்னைக்கு முடிக்கட்டும்மா. முடிச்சா, கீழ வந்து பாருங்க, காகிதத்தை எடுத்து வெக்கறேன்." போய்விட்டார்.

இன்னும் பாக்கி இருந்தது. அமிர்தகடேசன் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது. கால்கள் அதைக் கேட்டுக்கொண்டன, துள்ளின, முதுகில் இடித்துக்கொண்டு நின்றன. ஒரு கால் மாற்றி ஒரு கால் மிதித்துக்கொண்டே இருந்தார், ஏற்றம் மிதிக்கிறவன் மாதிரி, எங்கும் போகாமல். அவள் முதுகு வியர்த்திருந்தது, அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. இவள் எத்தனை நேரம் தாங்குவாள், நடுவில் எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் மறுபடி கிளம்பியது. "வலிக்குதா?" என்று கேட்டார். "எனக்கு என்ன, நல்லா மிதிங்க" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். சற்றுப் பொறுத்து, "இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்து" என்றாள். "அது உங்க சாமான்."

இடது கால் தயங்கியது. அவர் தயங்கச் சொல்லவில்லை. பிறகு மிதித்தது.